மணற்றீவுகளுக்குப் போவது எப்போது?

இலங்கைப் படத்தை விரித்து வைத்து மன்னாரைத் தேடும் பிள்ளை, தலைமன்னாருக்கு மேற்கே தனுக்கோடியை நோக்கி வரிசையாக இடப்பட்டிருக்கும் சிறு புள்ளிகளைக் காணாமல் விடுவதில்லை. "இவை என்ன? இங்கே போகலாமா?" என்பது உடனே எழும் கேள்வி. உப்புக்குளத்தில் வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் புத்தகக் கேள்வியன்று. வீட்டு வாயிலிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் சென்றால் தலைமன்னார். அதற்கப்பால் கடலில் அந்தப் புள்ளிகள். கொழும்பிலிருந்து வருவோர் பெரும் பிரயாணமாகக் கருதுவது நமக்கு ஒரு காலைப்பொழுதின் காரியம்.

போகலாம் என்பதே நமது விடை. ஆனால் எந்த மாதத்தில் போவது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதன் பின்னரே கட்டுச்சோற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. விடுமுறை எப்போது என்று பார்த்து நாளைக் குறித்துக்கொண்டு, கடலும் அதற்கு இசையும் என்று எண்ணி விடுகிறோம். கடல் நமது பாடசாலை அட்டவணையைப் படித்ததில்லை.

இத்தீவுகளை இராமர் அணை என்றும் சேது என்றும் சைவ மக்கள் போற்றுவர். ஆதிபிதா ஆதாமின் பெயரால் ஆதாம் பாலம் என்று வழங்குவதும் உண்டு. பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே: மன்னார்த் தீவின் முனையிலிருந்து இராமேசுவரத் தீவின் முனைவரை நீருக்குள் கிடக்கும் ஒரு நீண்ட மேடு. 2024ஆம் ஆண்டில் இந்திய விண்வெளி ஆய்வாளர்கள், செயற்கைக்கோளிலிருந்து பாய்ச்சிய ஒளிக்கதிரின் அளவுகளைக் கொண்டு இம்மேட்டைப் படமாக வரைந்து வெளியிட்டார்கள். அதன் நீளம் 29 கிலோமீற்றர் என்றும், ஏறத்தாழ முழுவதும் ஆழமற்ற நீரில் மூழ்கியே கிடக்கிறது என்றும், 2 முதல் 3 மீற்றர் ஆழமுள்ள 11 ஒடுங்கிய கால்வாய்கள் அதனை ஊடறுத்துச் செல்கின்றன என்றும் கண்டார்கள். நீருக்கு மேலே தலைகாட்டும் மிகச் சிறிய பகுதியைத்தான் நாம் தீவுகள் என்கிறோம்.

தீவு என்றதும் தென்னஞ்சோலையும் நன்னீர்க் கிணறும் நினைவுக்கு வருமாயின், அந்த நினைவை இங்கேயே களைந்துவிடுவது நலம். இவை மணற்றிட்டுகள். ஆங்காங்கே சிறு பூண்டுகளைத் தவிர நிழல் என்று சொல்லத்தக்க ஒன்றும் அங்கில்லை. காற்றும் நீரோட்டமும் மணலை அள்ளி ஓரிடத்தில் குவிக்கின்றன, மற்றோரிடத்தில் கரைக்கின்றன. சென்ற ஆண்டு கண்ட கரை இவ்வாண்டு அவ்விடத்திலேயே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இந்த வரிசையின் கிழக்குப் பாதி இலங்கைக்கும் மேற்குப் பாதி இந்தியாவுக்கும் உரியன. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையில் குறிக்கப்பட்ட கடலெல்லை இவற்றின் நடுவே செல்கிறது.

இவ்விடம் ஒரு காலத்தில் ஆரவாரமான வழியாக இருந்தது. 1914இல் தலைமன்னார் இறங்குதுறைக்கும் தனுக்கோடிக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியது. கொழும்பில் புகையிரதமேறி, தலைமன்னாரில் கப்பலுக்கு மாறி, மறுகரையில் மீண்டும் புகையிரதமேறிச் சென்னை சேர்ந்தார்கள் நம் முன்னோர். 1964 டிசம்பர்ப் புயல் தனுக்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்துக்குச் சென்றுவந்த கப்பலும் 1984இல் நின்றது. பின்வந்த போர்க்காலத்தில் இக்கடலைப் பார்ப்பதற்கே அஞ்சிய ஆண்டுகள் பல. தலைமன்னாருக்கான புகையிரதப் பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே, இங்கே உல்லாசப் பயணம் போவது என்ற எண்ணமே இன்றைய இளைஞர்களுக்குப் புதிது. வழிகாட்ட வேண்டிய பெரியோருக்கும் பழக்கம் குறைவு.

வடபாகத்தில் வேறு தீவுகளும் உண்டே என்பீர்கள். உண்டு. நெடுந்தீவுக்குக் குறிகாட்டுவானிலிருந்து படகு ஓடுகிறது. அங்கே ஊர் இருக்கிறது, உபசரிக்க மக்கள் இருக்கிறார்கள். இரணைதீவிலிருந்து 1992இல் இடம்பெயர்ந்த குடும்பங்கள், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2018இல் தாமே படகேறித் தங்கள் தீவுக்குத் திரும்பினார்கள். அத்தகைய இடத்துக்குச் செல்பவர் ஊராரிடம் கேட்டுச் செல்வர். வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார் அல்லவா? மணற்றிட்டுகளிலும் குடியிருப்போர் உண்டு. அவர்களிடம் கேட்க முடியாது என்பதே தொல்லை. அவர்களைப் பற்றிக் கூறுமுன் காற்றைப் பற்றிக் கூறிவிடுவோம்.

மன்னார்க் கடற்றொழிலாளிக்கு ஆண்டு இரண்டு காற்றுகளால் ஆனது. மே மாதமளவில் தென்மேற்கிலிருந்து சோளகம் எழுந்து செப்டெம்பர்வரை வீசும். அப்போது மன்னார்க் குடாவை நோக்கிய தென்கரையில் அலை மோதும். பாக்குநீரிணைப் பக்கமான வடகரை அமைதியாயிருக்கும். மழைக்காலம் வந்து வாடை வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். இதனாலேயே தொழிலாளர் பலர் காற்றுக்கேற்பக் கரை மாறி வாடி அமைத்துத் தொழில் செய்கின்றனர்.

ஊருக்குப் புதியவர் ஏமாறுவதும் இங்கேதான். ஆவணி மாதக் காலையில் தலைமன்னார் வடகரையில் நின்று பார்த்தால் கடல் தட்டாகக் கிடக்கும். இதற்கா இவ்வளவு அச்சம் என்று தோன்றும். ஆனால் திட்டுகளுக்கிடையேயுள்ள கால்வாய்கள், இரு கடல்களும் ஒன்றினுள் ஒன்று பாயும் வாய்கள். சோளகம் தள்ளும் நீர் முழுவதும் அந்த ஒடுங்கிய வாய்களினூடாகவே விரைகிறது. முழங்காலளவு நீரில் நிற்கும் பிள்ளை நாலடி தள்ளி வைத்தால் நிலை கொள்ளாது. படகின் இயந்திரம் நின்றுபோனாலோ, காற்றும் நீரோட்டமும் அதனைத் திறந்த கடலுக்கு இழுத்துச் செல்லும். எல்லை அருகில் என்பதையும் மறக்கலாகாது. 1966இல் மிகிர் சென் என்ற வங்காள வீரர் தலைமன்னாரிலிருந்து தனுக்கோடிக்கு நீந்தி முடிக்க ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து நேரமெடுத்தது. தூரத்தை மட்டும் கணக்கிட்டால் அவ்வளவு நேரம் தேவையில்லை. நீரோட்டத்தோடு போராடியதே காரணம்.

இனிக் குடியிருப்போரிடம் வருவோம். இத்திட்டுகள் ஆலாப் பறவைகளின் பிரசவ அறை. பெரிய கொண்டை ஆலா, சிறு ஆலா முதலிய இனங்கள் பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் இங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. நரியும் நாயும் பூனையும் எட்டமுடியாத இடம் என்பதாலேயே இவ்விடத்தைத் தேர்ந்துகொண்டன. அவை கூடு கட்டுவதில்லை. மணலில் உடலை அழுத்தித் திருப்பி உண்டாக்கும் சிறு குழியே கூடு. சிறு ஆலா அதில் இரண்டு அல்லது மூன்று முட்டைகளை இடும். முட்டையின் நிறம் மணலின் நிறமே. அதன்மேலுள்ள புள்ளிகளும் சிப்பித்துண்டுகளைப் போன்றவை. பகைவனை ஏமாற்ற இயற்கை அணிவித்த அந்த மாறுவேடம், பகைவனல்லாத விருந்தினனின் பாதத்தின் கீழ் அதற்கே எமனாகிறது. மிதித்தவர் மிதித்ததை அறிவதேயில்லை.

மிதிப்பதைவிடப் பெரிய தீங்கும் உண்டு. உச்சிவெயிலில் அம்மணல் எவ்வாறு கொதிக்கும் என்பதை வெறுங்காலுடன் நடந்தவர் அறிவர். அந்நேரத்தில் தாய்ப்பறவை முட்டையின்மேல் அமர்ந்திருப்பது சூடு கொடுப்பதற்கன்று, நிழல் கொடுப்பதற்கு. சிற்சில சமயம் கடலுக்குப் பறந்து வயிற்றிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தால் முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. அந்தவேளையில் பத்துப்பேர் கொண்ட குடும்பம் ஒன்று இறங்கிப் பாய் விரித்து உணவருந்தினால் என்ன நேரும்? பறவைகள் யாவும் எழுந்து தலைக்குமேல் வட்டமிட்டுக் கதறும். பிள்ளைகள் அதனை ஒரு வேடிக்கையாகக் கண்டு கைதட்டுவார்கள். கீழே முட்டைகள் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். அரைமணி நேரம் போதும். சிந்திய சோற்றைத் தேடி வரும் காகம், முட்டையையும் அறிந்துகொள்ளும்.

ஆகவேதான் ஆகஸ்ட் விடுமுறை வேண்டாம் என்கிறோம். பாடசாலைகள் வழமையாக அம்மாதத்தில் மூடப்படுவதும், வெளியூர் உறவினர் மடுமாதா திருவிழாவுக்கு வந்து நம் வீடுகளில் தங்குவதும் உண்மையே. வந்தவர்களை எங்காவது அழைத்துச் செல்ல வேண்டும் என்ற உபசாரமும் நியாயமானதே. எனினும் அந்த மாதத்தில் கடலும் பறவையும் ஒருங்கே கதவைச் சாத்தியிருக்கின்றன. டிசம்பரில் பறவைத் தடை இல்லை. ஆனால் வாடையும் மழையும் புயலும் உண்டு. காற்று ஓய்ந்து, அடுத்த காற்று எழாத பங்குனி, சித்திரை மாதங்களே தகுந்தவை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின் முற்பகுதி நம் கையில் இருக்கிறது. முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை நோன்பையொட்டி மாறுவதால், அவ்வீட்டார் தங்கள் நாட்காட்டியைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை முடிவதற்குள் போய்வந்துவிடுவது உசிதம். முந்திக்கொண்டு வந்த பறவை ஏதேனும் குழி பறித்திருக்குமானால், அந்தத் திட்டில் இறங்காமல் படகிலிருந்தே பார்த்துத் திரும்ப வேண்டும்.

இத்துணை கண்டிப்புத் தேவையா என்று கேட்போர், இதே மன்னார்க் குடாவின் இந்தியக் கரையைப் பார்க்கலாம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையேயுள்ள 21 தீவுகளைத் தமிழ்நாட்டு அரசு 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கியது. அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு இன்று நீருக்கு மேல் இல்லை. சுண்ணாம்புக்காகச் சுற்றியிருந்த பவளப்பாரை வெட்டியெடுத்தார்கள். அலையைத் தடுக்க ஒன்றுமில்லாமற் போயிற்று. சிறு தீவு ஒன்று மறைவதற்குப் பூகம்பம் வேண்டியதில்லை.

நம் பக்கத்துத் திட்டுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 2015இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டன. எனவே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றி அங்கு காலடி வைப்பது குற்றம். எல்லைக் கடலாகையால் கடற்படையினரின் இசைவும் வேண்டும். இரண்டையும் பயணத்தன்று காலையில் கடற்கரையில் வைத்துப் பெறலாம் என்று எண்ணிக் கிளம்ப வேண்டாம். இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே, செல்வோர் அனைவரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு விசாரிக்கத் தொடங்க வேண்டும். மாணவர் குழுவாயின் அதிபரின் கடிதமும் இருப்பது நல்லது. "தெரிந்த பெடியன் ஒருவன் இருக்கிறான், பேசாமல் கொண்டுபோய் விடுவான்" என்று யாரேனும் சொன்னால், பணிவாக மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் நாம் தண்டம் கட்டிவிட்டு வீடு திரும்புவோம். அந்த இளைஞன் படகை இழக்கலாம். அது அவன் குடும்பத்தின் சோறு.

படகு அமர்த்தும்போது கூலியை மாத்திரம் பேசுவது நம்மவர் வழக்கம். அதைவிட முதன்மையான கேள்விகள் வேறு. அனைவருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா? பிள்ளைகளின் அளவிலும் உண்டா? இயந்திரம் பழுதானால் உதவிக்கு வர மற்றொரு படகு அன்று கடலில் இருக்குமா? கால்வாயில் மணல் எங்கே ஏறியிருக்கிறது என்பது வாரந்தோறும் அங்கே சென்றுவரும் தலைமன்னார்த் தொழிலாளிக்குத்தான் தெரியும். ஆகையால் வேற்றூர்ப் படகைவிட அவ்வூர்ப் படகே மேல். கண்ணாடியிழைப் படகில் எத்தனைபேர் ஏறலாம் என்று அவர் சொல்கிறாரோ அதற்குமேல் ஒருவரையும் ஏற்ற வேண்டாம். பெரியம்மா வந்துவிட்டார், எப்படி விட்டுச்செல்வது என்ற பேச்சு பஸ்வண்டிக்குப் பொருந்தும், படகுக்குப் பொருந்தாது.

கொண்டுசெல்ல வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு இரண்டு லீற்றர் குடிநீர், தொப்பி, நனைந்தால் உலரும் உடை, பேரீச்சம்பழமோ பாணோ போன்ற சிந்தாத உணவு, ஒரு தொலைநோக்குக் கருவி கிடைத்தால் அதுவும். வெறும் போத்தலும் பையும் கொண்டுபோனபடியே திரும்பி வரவேண்டும். நாய்க்குட்டியை வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.

உப்புக்குளத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டுப் பேசாலை வழியாகச் சென்றால், சூரியன் ஏறுகையில் தலைமன்னாரில் இருக்கலாம். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறுமாகையால், முற்பகல் பத்து மணிக்குள் திரும்பிக் கரை சேர்வதாகத் திட்டமிடுவது நல்லது. அனுமதியும் ஆயத்தமும் முடிந்து கரைக்கு வந்த பின்னரும், படகோட்டி வானத்தைப் பார்த்து, "இண்டைக்குச் சரிவராது" என்று சொல்லக்கூடும். அவரோடு வாதாட வேண்டாம். பிள்ளைகளின் முகம் வாடும். அதற்கு மாற்று வழி உண்டு. முன்னாளில் கப்பல்கள் அணைந்த இறங்குதுறையின் எச்சங்களை அவர்களுக்குக் காட்டுங்கள். திரும்பும் வழியில் மன்னார் நகரையடுத்த பள்ளிமுனைக்குச் செல்லுங்கள். அங்கே நிற்கும் பெருக்கமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். அதனைக் கைகோத்துச் சுற்றிவளைக்க எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று அவர்களே நின்று எண்ணிப் பார்க்கட்டும்.