உடைந்து நின்ற கோவலன்

பூம்புகார்க் கடற்கரையையும் அங்குள்ள சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் பற்றி அண்மையில் ஒரு சிறு காணொலியைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். தலைப்பில் 'கோவலன்' என்று தட்டச்சு செய்தேன். ககரத்துக்கு முன் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் நின்றது. பெயர் உடைந்துவிட்டது.

தவறு எங்கே என்று அறிய, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். அதே சொல்லை வேறொரு மென்பொருளில் ஒட்டினேன், சரியாகத் தெரிந்தது. ஆகவே, தட்டச்சிலும் கணினியிலும் பிழையில்லை. எழுத்துருவை மாற்றினேன், உடைசல் நீடித்தது. எழுத்துருவும் காரணமன்று. 'கோ' என்ற ஓரெழுத்தை மட்டும் இட்டேன், அப்போதும் உடைந்தது. எஞ்சியது, தொகுப்பு மென்பொருள் எழுத்துகளை அடுக்கும் முறை மட்டுமே.

ஒருங்குறியில் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் இல்லை. 'கோ' என்பது கணினியின் நினைவில் முதலில் ககரம், அடுத்து ஓகாரக் குறி. அக்குறியைப் பிரித்து, கொம்பை முன்னும் துணைக்காலைப் பின்னும் வைப்பது, எழுத்துருவும் எழுத்தடுக்கும் நிரலும் சேர்ந்து செய்யும் வேலை. ஆங்கிலத்துக்கு இவ்வேலை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. எனவே, ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த மென்பொருளில் இக்குறை கண்ணில் படாமலே போய்விடும்.

சில தொகுப்பு மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துமுறைகளுக்கெனத் தனித் தெரிவு உண்டு. நான் பயன்படுத்தியதிலும் அது அமைப்புப் பகுதியின் ஆழத்தில் இருந்தது. அதைத் தேர்ந்து, மென்பொருளை மீண்டும் திறந்ததும் கோவலன் நிமிர்ந்தான்.

இந்தத் தெரிவை அறியாத பலர் பழைய பாமினி வகை எழுத்துருக்களை நாடுகின்றனர். அவற்றில் திரைக்குத் தெரிவதுதான் தமிழ்; உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். அப்படித் தட்டச்சு செய்த வசனவரிகளைத் தனிக் கோப்பாக இணையத்தில் ஏற்றினால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். செவித்திறன் குறைந்தவர் அவற்றைப் படிக்க முடியாது. தேடுபொறிக்கும் அவை தமிழாகத் தெரியா. தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்ட பின்னும் இந்த இழப்பு தொடர்கிறது.

பெருநிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2018 பிப்ரவரியில், ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்தாலே ஐபோனின் செயலிகள் முடங்கின. பயனர்கள் அதைச் சுட்டிக்காட்டிய பிறகு, ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 11.2.6 பதிப்பில் சரிசெய்தது. வெளியீட்டுக்கு முந்தைய சோதனையில் தப்பிய பிழையை, நிறுவனத்துக்கு வெளியே இருந்தவர்களே வெளிக்கொணர்ந்தனர்.

நாமும் அதைச் செய்யலாம். பிழையறிக்கை எழுத நிரலாக்கம் தெரிய வேண்டியதில்லை. மென்பொருளின் பதிப்பு எண், செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, திரையின் படம் ஆகிய ஐந்தும் போதும். 'தமிழ் சரியாக வரவில்லை' என்ற முறையீட்டால் பயனில்லை. "'கோ' என்று இட்டால் கொம்பு பின்னால் நிற்கிறது" என்ற ஒரு வரியை எந்த நாட்டுப் பொறியாளரும் சோதித்துப் பார்க்க முடியும்.

மென்பொருள் சோதனை கற்பிக்கும் நம் கல்லூரிகள் கொ, கோ, கௌ, பூ, ஸ்ரீ முதலிய எழுத்துகளைச் சோதனைப் பட்டியலில் சேர்த்து, மாணவர்களைக் கொண்டு ஆண்டுதோறும் சோதித்து, முடிவுகளை உரிய நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். நம் எழுத்து உடைவதை முதலில் காண்பவர்கள் நாமே. சொல்ல வேண்டியவர்களும் நாமே.