ஆன்லைன் ரம்மி: திறமை என்ற வாதம் எங்கே முடிந்தது?

2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவை, 21 அன்று மாநிலங்களவை, 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்துக்கும் தடை விதிக்கும் சட்டம் மூன்றே நாளில் பிறந்துவிட்டது. அடுத்த சில நாட்களில் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து அதன் விளம்பரதாரரான ட்ரீம்11 என்ற பண விளையாட்டுச் செயலியின் பெயரும் போனது. ரம்மி திறமை விளையாட்டு என்ற வாதம், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தமிழ்நாடு முட்டி மோதிய சுவர். மத்திய அரசு அதை எப்படித் தாண்டியது?

பழைய அளவுகோல்

1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டமே திறமை விளையாட்டுகளுக்கு விலக்கு தந்திருந்தது. 1968-இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்றது உச்ச நீதிமன்றம். விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று கணிக்க வேண்டும் என்பது காரணம். 1996-இல் குதிரைப் பந்தயத்துக்கும் அதே அந்தஸ்து கிடைத்தது.

ஆனால் 1968 தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப் நடத்துபவர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். ரம்மி செயலிகளின் வருமானமே ஒவ்வொரு ஆட்டத்திலும் எடுக்கும் கமிஷன்தான். இருந்தும் விவாதம் திறமையா, அதிர்ஷ்டமா என்பதைச் சுற்றியே நின்றது.

தமிழ்நாட்டின் இழுபறி

2003-இல் லாட்டரியை ஒழித்த தமிழ்நாடு, 2020 நவம்பரில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் மாநில அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு அறிக்கை தர, புதிய மசோதா நிறைவேறியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடையிலிருந்து விடுவித்தது.

தடை நிற்காத இடத்தில் கட்டுப்பாடு நின்றது. 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது என்ற 2025 விதிகளை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் உறுதிசெய்தது.

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

மத்தியச் சட்டம் கேள்வியையே மாற்றியது. பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்று ஆடுகிறீர்களா? ஆம் என்றால் தடை. திறமை பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ஆட்டம் நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம். பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோகும் நிறுவனங்களும் தப்ப முடியாது. ஆடியவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. தமிழ்நாட்டுச் சட்டத்திலோ ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

சூதாட்டம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். அதில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாமா என்ற கேள்வியோடு நிறுவனங்கள் உயர் நீதிமன்றங்களில் தொடுத்த வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

ஓட்டை எங்கே?

கேரள அரசின் லாட்டரிச் சீட்டும், கோவாவின் கேசினோவும் ஆன்லைன் அல்லாததால் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அதைவிடப் பெரிய ஓட்டை, வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்கள். முடக்கினால் வேறு முகவரியில் முளைக்கும். வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகளில் பணம் வாங்கும். வயதும் கேட்காது, நேரமும் பார்க்காது. அந்தப் பண வழியை அடைக்காவிட்டால், முகவரி காட்டி வரி கட்டிய நிறுவனங்களை மட்டுமே சட்டம் வெளியேற்றியிருக்கும்.

விட்டதைப் பிடிக்கலாம் என்ற ஆசைதான் இந்தத் தொழிலின் மூலதனம். இத்தகைய தளத்தில் ஏமாந்து பணம் போயிருந்தால், மேலும் கட்டாதீர்கள். வெட்கப்பட்டு மறைக்காமல், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.