நீர்வழியே ஒரு மிதிவண்டிப் பயணம்: பேச்சிப்பாறை முதல் நாஞ்சில் வயல் வரை

பாலை நீங்கலாக நால்வகை நிலங்களையும் ஒரு பகற்பொழுதில் கண்டு திரும்பத்தக்க மாவட்டம் நம் குமரி மாவட்டம். மலையும் காடும், வயலும் கடலும் இத்துணை நெருங்கி அமைந்த நிலப்பகுதி தமிழகத்தில் அரிது. இலக்கண வகுப்பில் முதற்பொருளையும் கருப்பொருளையும் மனப்பாடம் செய்யும் நம் மாணவர்களில் எத்தனை பேர் அவற்றைத் தம் மாவட்டத்திலேயே கண்ணாரக் கண்டிருப்பர்? கல்விச் சுற்றுலாப் பேருந்து பத்மநாபபுரம் அரண்மனையின் வாயிலில் நிற்கும். திற்பரப்பு அருவியில் நிற்கும். மாலையில் வீடு திரும்பும். இடையிலுள்ள நிலம் சாளரத்தின் வழியே ஓடி மறைந்துவிடும். அந்நிலத்தை அறியவேண்டுமாயின் மிதிவண்டியே ஏற்ற ஊர்தி என்பது நம் கருத்து. மண் மேடாவதைக் கண்ணுக்கு முன்னதாகக் காலே அறிந்துகொள்ளும்.

மலைநாட்டு மிதிவண்டிப் பயணம் என்றதும் மேலைநாட்டார் பலருக்கு நினைவில் எழுவது பிரான்சு நாட்டின் ஓவர்ஞ் பகுதியாகும். அங்குள்ள பியூயி தெ தோம் ஓர் உறங்கும் எரிமலை. 1952-ஆம் ஆண்டு முதல் பலமுறை அது உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுச் சுற்றுப்போட்டியில் இடம்பெற்றது. 1988-க்குப் பின் நீண்ட இடைவெளி விட்டு 2023-இல் மீண்டும் வீரர்கள் அதன்மீது ஏறினர். நம் மலைகளும் எரிமலை கக்கியவையே என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. மராட்டிய நாட்டுப் பகுதியில் மேற்குத் தொடர்ச்சி மலை எரிமலைக் குழம்பு உறைந்த பாறையால் ஆனது. தெற்கே நம் பகுதியில் இருப்பவையோ, நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய மிகப் பழம் பாறைகள். அவற்றுள் ஒருவகை சார்னோக்கைட் எனப்படும். கல்கத்தாவில் யோப் சார்னாக்கின் கல்லறைக்கு வைக்கப்பட்ட கல் இவ்வகையைச் சார்ந்ததாதலின் இப்பெயர் அமைந்தது. பேச்சிப்பாறை, கீரிப்பாறை என ஊர்ப்பெயர்களே பாறையைச் சுமந்து நிற்பதை நோக்குக.

இனி வழிக்கு வருவோம். நாகர்கோவிலில் சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டுவிடுதல் நன்று. வில்லுக்குறி வழியாகத் தக்கலை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். இப்பெருஞ்சாலையில் பொழுது ஏற ஏறக் கனரக வாகனங்கள் பெருகும். மலைக்கற்களை ஏற்றிச் செல்லும் லாரி ஒன்று உரசினாற்போல் கடக்கையில் மிதிவண்டிக்காரர் சாலையோர மண்ணில் இறங்குவதன்றி வேறு வழியில்லை. ஆகவே விடியலில் இப்பகுதியைக் கடந்துவிட வேண்டும். தக்கலையில் மெய்ஞ்ஞானி பீர்முகம்மது அப்பா அவர்கள் அடங்கியிருக்கும் தர்கா உள்ளது. அவர்தம் ஞானப்புகழ்ச்சி இன்றும் அங்கு ஆண்டுவிழாவில் கூடிப் பாடப்பெறுகிறது. தமிழ்த்துறை மாணவர் அவ்விடத்தை வெறுமனே கடந்து செல்லலாகாது. அருகிலுள்ள பத்மநாபபுரம் 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராய் விளங்கியது.

தக்கலையிலிருந்து குலசேகரம் நோக்கித் திரும்பியதும் நிலம் மாறுகிறது. வயல்கள் குறைந்து தென்னையும், பின் ரப்பர்த் தோட்டங்களும் தொடர்கின்றன. காலையில் பால்வெட்டு முடிந்து, மரந்தோறும் கட்டிய சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருக்கும். 1888-இல் டன்லப் காற்றடைத்த ரப்பர் சக்கரத்திற்கு உரிமம் பெற்றிராவிடில் மிதிவண்டி இவ்வளவு பரவியிருக்குமா என்பது ஐயமே. சக்கரத்தின் மூலப்பொருள் சொட்டும் மரங்களினூடே அச்சக்கரத்திலேயே செல்வது ஒரு தனி இன்பம். குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை வரை ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும். பல்சக்கரம் மாற்றும் வசதியில்லாத நம் பழைய வண்டிகளில் சில இடங்களில் இறங்கித் தள்ளியே செல்லவேண்டும். அதில் நாணத்திற்கு இடமில்லை; நாமும் தள்ளியே சென்றோம்.

ஏறும்போது சாலையைத் தொடர்ந்த நாம், இறங்கும்போது நீரைத் தொடர்ந்தோம். நாம் சொல்லவந்த செய்தி இதுவே. மலைச்சாலை ஊரையும் தோட்டத்தையும் இணைக்கப் போடப்பட்டது. ஆதலின் குன்று குறுக்கிட்டால் ஏறி இறங்கும். கால்வாய்க்கு அவ்வுரிமை இல்லை. தண்ணீர் மேடேறாது. விரைந்து இறங்கினாலோ கரையை அரித்துவிடும். எனவே கால்வாய் வெட்டிய பொறியாளர், குன்றைச் சுற்றி வளைந்து, கிலோமீட்டருக்குச் சாண் கணக்கில் மட்டும் நிலம் தாழுமாறு வழி கண்டனர். பெருவீழ்ச்சி தேவைப்படும் இடங்களில் மட்டும் மதகோ தடுப்போ கட்டினர். நீருக்கென்று அளந்து கண்ட அவ்வழி மிதிப்பவரின் முழங்காலுக்கும் உகந்ததாய் அமைந்துவிட்டது. குன்று விலகிப் பள்ளம் குறுக்கிட்டால் என்ன செய்வது என்பதற்கு விடை, திருவட்டாறு அருகே மாத்தூரில் உள்ளது. 1960-களில் எழுந்த தொட்டிப்பாலம், 28 தூண்களின்மேல் 115 அடி உயரத்தில், பறளியாற்றுப் பள்ளத்தைக் கடந்து நீரைக் கொண்டு செல்கிறது. அங்கு வண்டியை நிறுத்திவிட்டு நடந்து காண்பதே முறை.

பேச்சிப்பாறை அணை, மூலம் திருநாள் மன்னர் காலத்தில் 1897-இல் தொடங்கி 1906-இல் முடிவுற்றது. கோதையாற்றின் குறுக்கே இதனை எழுப்பிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணையருகிலேயே உள்ளது. பறளியாற்றில் பெருஞ்சாணி அணை 1953-இல் அமைந்தது. பேச்சிப்பாறையின் இடதுகரைக் கால்வாய் நீரும் பெருஞ்சாணி நீரும் புத்தன் அணையில் கூடுகின்றன. அங்கிருந்து பத்மநாபபுரம் புத்தனாறு ஒருபுறமும் பாண்டியன் கால் மறுபுறமும் பிரிகின்றன. தோவாளைக் கால்வாய், அனந்தனாறு, நாஞ்சில்நாட்டுப் புத்தனாறு முதலியன வயல்களுக்கு நீர் பகிர்கின்றன. ஓர் ஆற்றின் நீரை மற்றோர் ஆற்றின் வடிநிலத்திற்குத் திருப்பும் பெருஞ்செயல் இது. நதிநீர் இணைப்பைப் பற்றி மேடைகளில் முழங்குவோர் ஒருமுறை சுருளகோடு வரை மிதித்து வந்தால் அதன் சிறுவடிவத்தைக் காணலாம்.

பேச்சிப்பாறையிலிருந்து பெருஞ்சாணி, சுருளகோடு, அழகியபாண்டியபுரம், பூதப்பாண்டி எனத் திரும்பும் வழி நமக்கு மிகவும் பிடித்தது. சாலை கரையை விட்டு விலகும் இடமும் உண்டு; கரையே வழியாகும் இடமும் உண்டு. முதற்பகுதி இறக்கத்தில் ஓர் எச்சரிக்கை. இரு பிடிகளையும் விட்டுவிட்டுப் பிடிக்கவேண்டும். இறுக்கிப் பிடித்தபடியே வந்தால் பிடிக்கட்டை சூடேறித் தேய்ந்துவிடும். நம்முடன் வந்த மாணவர் ஒருவர் முன்பிடியை மட்டும் அழுத்திக் கைதைப் புதரில் விழுந்தார். காயம் சிறிது, கேலிதான் ஊர் வந்து சேரும் வரை நீண்டது.

காலமும் கருதத்தக்கது. இம்மாவட்டம் இருபருவ மழையும் பெறுவது. சூன் முதல் நாள் தொடங்கிப் பிப்ரவரி இறுதி வரை பாசனத்திற்கு அணைநீர் விடுவது வழக்கம். மழையும் ஓய்ந்து, கால்வாயில் நீரும் ஓடி, வயலில் கும்பப்பூப் பயிரும் நிற்கும் சனவரித் திங்களே பயணத்திற்குச் சிறந்தது. சூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேல்காற்று கடுமையாய் வீசும். அப்பக்கம் மகிழ்ச்சியாகப் பறந்து செல்வோர் திரும்பும்போது படும் பாட்டை முப்பந்தல் காற்றாலைகளே அறியும். பேச்சிப்பாறைக்கு அப்பாலுள்ள காடு 2008-இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதியைச் சார்ந்தது. வனத்துறையின் அனுமதியின்றி அங்கு நுழையலாகாது. அது யானைகளின் வழி, காணிமக்களின் வாழிடம்.

மாணவியர்க்கு இப்பயணம் ஏற்குமா எனப் பெரியோர் சிலர் வினவுகின்றனர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கத்தின்போது, ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட நாட்டுப்புறப் பெண்கள் மிதிவண்டி கற்றனர் எனப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். ஆசிரியையர் உடன்வர, குழுவாகச் செல்வதற்கு என்ன தடை? பூமியிற் சுற்றிப் பார்த்துச் சிந்திக்கத் திருமறை விடுக்கும் அழைப்பு ஆடவர்க்கு மட்டும் உரியதன்று.

நம்மை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. வயல் வீட்டுமனையானால் கடைமடைக்கு நீர் வேண்டுவோர் குறைவர். நீர் வேண்டுவோர் குறைந்தால் கால்வாயைத் தூர்வாரக் கேட்பார் இல்லை. பின் கரை இடியும், வேலி முன்னேறும், குப்பை குவியும். சில இடங்களில் கரைவழி அறுந்து நாம் வண்டியைத் தோளில் தூக்கவேண்டியிருந்தது. அங்கே அகன்ற தார்ச்சாலை போடவேண்டுமென நாம் கேட்கவில்லை. அகலச் சாலை வந்தால் லாரியும் பின்னே வரும். மிதிவண்டி செல்லும் அளவு கரை நின்றால் போதும். மடை பார்க்கச் செல்லும் உழவருக்கும் அதுவே தேவை. நம் மாணவர்கள் கால்வாய் வாரியாகப் பிரிந்து, எவ்விடத்தில் கரை உள்ளது, எவ்விடத்தில் அறுந்தது எனக் குறித்து ஒரு வழிப்படம் வரைந்தால், ஊராட்சிகளிடமும் நீர்வளத்துறையிடமும் கையில் சான்றோடு பேசலாம்.

இரண்டாம் நாள் மாலை, ஜீவா பிறந்த பூதப்பாண்டியைக் கடந்து, பழையாற்றுப் பாசன வயல்களினூடே கோட்டாறு வந்து, 1907 மார்ச் 10-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரின் இடலாக்குடியில் வண்டிகளை நிறுத்தினோம். மக்ரிபுக்குப் பாங்கு ஒலித்தது. இரு நாட்களாய் நாம் தொடர்ந்து வந்த மலைநீரின் நினைவோடே உளூச் செய்தோம்.