தொப்புள்கொடி வடிகுழாயின் நீளத்தைக் கணித்தல்

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தக்குழாய் வழியாக உடலுக்குள் செலுத்தப்படும் மெல்லிய நெகிழ்குழாய், தொப்புள்கொடி வடிகுழாய் எனப்படும். மருத்துவமனைகளில் இதைக் கத்தீட்டர் என்பர். குறைமாதக் குழந்தைகளுக்கும் கடுமையாக நோயுற்ற குழந்தைகளுக்கும் மருந்தும் ஊட்டமும் செலுத்தவும், பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கவும் இது உதவுகிறது. செலுத்தும்போது குழாயின் நுனி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எத்தனை செ.மீ. செலுத்துவது என முன்னதாகவே கணக்கிடுகின்றனர்.

நுனி நிற்க வேண்டிய இடம்

தொப்புள்கொடியில் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் உள்ளன. சிரைவழிக் குழாயின் நுனி, கீழ்ப் பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையைச் சேரும் இடத்தில் நிற்க வேண்டும். தமனிவழிக் குழாயின் நுனி பெரும்பாலும் பெருந்தமனியில், 6 முதல் 9 வரையிலான மார்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் வைக்கப்படுகிறது.

அளவு தவறினால்

சிரைவழிக் குழாய் அதிகம் சென்றால் இதயத் துடிப்பின் ஒழுங்கு மாறலாம். அரிதாக இதய உறைக்குள் நீர்மம் தேங்கி உயிருக்கு ஆபத்து நேரலாம். குறைவாகச் சென்றால் நுனி கல்லீரலில் நின்று, செலுத்தும் நீர்மம் அதன் திசுவைச் சேதப்படுத்தலாம்.

கணக்கிடும் முறைகள்

1966இல் பீட்டர் டன், தோள்பட்டைக்கும் தொப்புளுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கொண்டு நீளத்தைக் காணும் வரைபடத்தை வெளியிட்டார். 1986இல் சுக்லா, பெராரா இருவரும் எடையை அடிப்படையாகக் கொண்ட எளிய சூத்திரத்தைத் தந்தனர். கீழுள்ளவற்றில் எடை கிலோகிராமிலும் நீளம் செ.மீ.யிலும் உள்ளன.

• தமனிவழி (சுக்லா): (3 × எடை) + 9
• சிரைவழி (சுக்லா): தமனிவழி நீளத்தில் பாதி + 1
• சிரைவழி (திருத்திய சுக்லா): தமனிவழி நீளத்தில் பாதி மட்டும்
• சிரைவழி (ஜே.எஸ்.எஸ்.): எடை + 6.5

கடைசிச் சூத்திரம் மைசூரு ஜே.எஸ்.எஸ். மருத்துவமனையின் பெயரால் வழங்குகிறது. அதைத் திருத்திய சுக்லா சூத்திரத்துடன் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளிவந்தது. எந்தச் சூத்திரமாயினும், தொப்புளில் எஞ்சியுள்ள கொடித்துண்டின் நீளத்தையும் விடையுடன் கூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டு

2 கிலோ குழந்தைக்குச் சிரைவழி நீளம் சுக்லா முறையில் 8.5, திருத்திய முறையில் 7.5, ஜே.எஸ்.எஸ். முறையில் 8.5 செ.மீ. ஆகும். 1 கிலோ குழந்தைக்கு இதே வரிசையில் 7, 6, 7.5 செ.மீ. வருகிறது. மிகச் சிறிய உடலில் 1.5 செ.மீ. வேறுபாடு என்பது பெரிது.

விடைகள் வேறுபடக் காரணம்

எடை இருமடங்கானால் உடல் நீளம் இருமடங்காவதில்லை. கருவில் வளர்ச்சி குன்றிய குழந்தை எடை குறைந்தும் நீளம் அவ்வளவு குறையாமலும் இருக்கலாம். அப்போது சூத்திரம் குறைத்துக் காட்டும். உடல் முழுதும் நீர்கோத்த குழந்தைக்கு எடை கூடுவதால் நீளத்தை மிகைப்படுத்தும்.

சரிபார்த்தல்

எனவே சூத்திரத்தின் விடை தொடக்க மதிப்பீடு மட்டுமே. நுனியின் இடத்தை எக்ஸ்-ரே அல்லது மீயொலிப் பரிசோதனை மூலம் உறுதிசெய்ய வேண்டும். அதிகம் சென்ற குழாயைச் சற்று வெளியே இழுத்துச் சரிசெய்யலாம். குறைவாகச் சென்றதை அப்படியே உள்ளே தள்ளக்கூடாது. வெளியே இருந்த பகுதி கிருமிநீக்க நிலையை இழந்திருக்கும் என்பதால் தொற்று ஏற்படக்கூடும். இக்கணக்கீடும் செய்முறையும் பயிற்சி பெற்ற மருத்துவக் குழுவினருக்கு மட்டுமே உரியவை.