வகுப்பறையில் உடல் அசைவு: பிள்ளையின் மனத்தையும் கேட்டறிவீர்

இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளில், பாடத்தின் நடுவே பிள்ளைகள் எழுந்து நின்று கைகளை உயர்த்துவதையும் குதிப்பதையும் காணும் பெற்றோர் சிலர் வியப்படைகின்றனர். கைகட்டி அமர்ந்து கற்ற தலைமுறையினருக்கு இது ஒழுங்கின்மையாகத் தோன்றலாம். ஆயினும் இது பிள்ளைகளின் உடல்நலத்தையும் கவனத்தையும் கருதி ஆசிரியர் வழங்கும் சில நிமிட அசைவு இடைவேளையாகும்.

ஏன் இந்த ஏற்பாடு?

5 முதல் 18 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலுழைப்புள்ள செயல்களில் ஈடுபடவேண்டும் என்பது ஐக்கிய இராச்சியத்தின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலாகும். அதில் 30 நிமிடங்களையேனும் பாடசாலை வேளையில் வழங்கவேண்டும் என்பது அரசாங்கத்தின் எதிர்பார்ப்பு. உடற்கல்விப் பாடம் எல்லா நாட்களிலும் இடம்பெறுவதில்லை. ஆகவே பாடசாலைகள் வேறு வழிகளையும் நாடுகின்றன. 2012இல் ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் நகரிலுள்ள ஆரம்பப் பாடசாலையொன்றில் தொடங்கி, நாளாந்தம் 15 நிமிடங்கள் ஓடவோ நடக்கவோ விடும் ‘டெய்லி மைல்’ திட்டம் அவற்றுள் ஒன்று.

எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோல் உணர்வதில்லை

ரிசெப்ஷன் வகுப்பில் விளையாடிக் கற்ற பிள்ளை, முதலாம் ஆண்டில் நெடுநேரம் அமரவேண்டியுள்ளது. அத்தகைய பிள்ளைக்கு இந்த இடைவேளை பெரும் ஆறுதல். ஆங்கிலம் இன்னும் பழகாத பிள்ளை, பிறரைப் பார்த்து ஆடும்போது முதன்முறையாகத் தானும் வகுப்பில் ஒருவர் என மகிழலாம். ஆனால், ‘சைமன் சொல்கிறார்’ போன்ற விளையாட்டில் சொல் விளங்காமையால் அதே பிள்ளை முதலில் வெளியேற நேர்ந்தால், அது வெட்கத்தையே தரும். உடற்பருமன், ஆஸ்துமா, கூச்சம் ஆகியவை உள்ள பிள்ளைகள் பிறர் பார்வைக்கு அஞ்சுவதுமுண்டு. இவற்றைப் பல பிள்ளைகள் தாமாகக் கூறுவதில்லை. காலையில் வயிற்றுவலி என்று மட்டுமே கூறலாம்.

பெற்றோர் செய்யக்கூடியவை

“இன்று என்ன படித்தாய்?” என்பதோடு, “இன்று வகுப்பில் எப்போது எழுந்து ஆடினீர்கள்? அப்போது உனக்கு எப்படி இருந்தது?” என்றும் தாய்மொழியில் வினவுங்கள். பிள்ளை கூறியதை வகுப்பாசிரியருக்குத் தெரிவியுங்கள். செய்து காட்டி விளக்குதல், வெளியேற்றமில்லாத விளையாட்டைத் தெரிதல் போன்ற சிறு மாற்றங்களை ஆசிரியர் எளிதிற் செய்யலாம். பெற்றோர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையெனின் முன்கூட்டியே பாடசாலை அலுவலகத்தைக் கேளுங்கள்.

“உங்கள் பிள்ளை ஓரிடத்தில் அமர்வதில்லை” என்று ஆசிரியர் கூறினால், உடனே பிள்ளையைக் கண்டிக்காதீர்கள். நாளின் எப்பொழுதில், எந்தப் பாடத்தில், எவ்வளவு நேரம் அமர்ந்த பின் அவ்வாறு நிகழ்கிறது எனக் கேளுங்கள். அது தொடருமாயின், சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான ஒருங்கிணைப்பாளரைச் சந்திக்க வேண்டுங்கள். அரச பொதுப் பாடசாலை ஒவ்வொன்றிலும் இப்பொறுப்பில் ஒருவர் இருத்தல் வேண்டும். இயலாமையுள்ள பிள்ளைக்கு நியாயமான மாற்றங்களைச் செய்வது, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்கீழ் பாடசாலையின் கடமையாகும்.

ஐக்கிய இராச்சியம் 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துக் கூறும் உரிமையைப் பிள்ளைக்கு வழங்குகிறது. அந்த உரிமை நீதிமன்றங்களுக்கு மட்டும் உரியதன்று; மாலையில் வீடு திரும்பும் பிள்ளையின் பேச்சுக்குச் செவிகொடுப்பதிலும் அது நிறைவேறுகிறது.