12 படம், 2,000 ரூபாய்: மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமரா வாங்கலாமா? முழுக் கணக்கு



ஞாயிற்றுக்கிழமை காலையில மேடவாக்கம் - சோழிங்கநல்லூர் ரோட்டுல வந்தீங்கன்னா, பெரும்பாக்கம் சதுப்பு நிலத்தை ஒட்டி டூவீலர்கள் வரிசையா நிக்கிறதைப் பார்க்கலாம். எல்லார் கையிலயும் முழ நீள லென்ஸ். தண்ணியில நிக்கிற பூநாரை லேசா இறக்கையை விரிச்சா போதும், நொடிக்கு 20 படம் சடசடன்னு விழும். நானும் அந்த வரிசையில நின்னவன்தான்.

போன வருஷம் எங்க பாட்டி தவறிட்டாங்க. மாலை போட ஒரு படம் வேணும்னு ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். 38,000 படம் இருந்தது. அதுல பாட்டி இருந்தது ஏழே ஏழுல. ஏழுலயும் யாரோ ஒருத்தர் தோளுக்குப் பின்னாடி, ஓரமா. கடைசியில நாங்க ஃப்ரேம் போட்டது அப்பா 1984ல எடுத்த ஒரு கருப்பு-வெள்ளைப் படம். எடுத்த கேமரா ஆக்ஃபா கிளிக் 3. இன்னும் பரண்ல இருக்கு.

அன்னைக்குப் பிடிச்ச ஃபிலிம் பைத்தியம், ஒரே மாசத்துல ஹாசல்பிளாட் விலை தேடுற வரைக்கும் போயிடுச்சு. வாங்குறதுக்கு முன்னாடி, நல்ல வேளையா, எக்செல் ஷீட்டைத் திறந்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்க போடப்போறேன்.

முதல்ல, மீடியம் ஃபார்மட்னா என்ன?

நமக்குத் தெரிஞ்ச சாதாரண ஃபிலிம் 35 எம்.எம். இன்னைக்கு டிஜிட்டல்ல ஃபுல் ஃப்ரேம்னு சொல்றதும் அதே அளவுதான்: 36 x 24 மில்லிமீட்டர். மீடியம் ஃபார்மட் கேமராக்கள் இதைவிட அகலமான 120 ஃபிலிம்ல ஓடும். கோடாக் 1901ல கொண்டுவந்த இந்த அளவு, இன்னைக்கும் புதுசா தயாராகுது.

6 x 6 கேமராவுல ஒரு நெகட்டிவ் சுமார் 56 x 56 மில்லிமீட்டர் வரும். பரப்பளவுல ஃபுல் ஃப்ரேமைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல. பல லட்சம் விலை சொல்ற ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் டிஜிட்டல் கேமராவோட சென்சார்கூட சுமார் 44 x 33 தான். அப்பாவோட கிளிக் 3 இருக்கே, பரோடாவுல நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரிச்ச அந்தச் சாதாரண டப்பா, அதுவும் 6 x 6 தான். அதாவது நம்ம வீட்டுப் பரண்ல ஒரு மீடியம் ஃபார்மட் கேமரா தூங்கிட்டு இருந்திருக்கு!

ஃபிலிமும் நம்ம ஊர்லயே தயாராச்சு. 1960ல தொடங்கின ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1967ல இருந்து ஊட்டியில 'இந்து' என்ற பெயர்ல ஃபிலிம் தயாரிச்சது. அந்த ஆலை இப்போ இல்லை. இன்னைக்கு நீங்க வாங்குற ஒவ்வொரு ரோலும் இறக்குமதி. செலவுக் கதை இங்கதான் ஆரம்பிக்குது.

கேமரா விலையைப் பார்க்காதீங்க, கிளிக் விலையைப் பாருங்க

பிரிண்டர் வாங்கின அனுபவம் இருக்கா? பிரிண்டர் மலிவா கிடைக்கும், கார்ட்ரிட்ஜ்ல பிடிச்சுடுவாங்க. ஃபிலிம் கேமராவும் அப்படித்தான்.

விலை கடைக்குக் கடை, மாசத்துக்கு மாசம் மாறும். அதனால கணக்குக்காக ஒரு எண்ணை வெச்சுக்குவோம். கலர் ரோல் ஒன்று ₹1,400. டெவலப் பண்ணி ஸ்கேன் பண்ண ₹600. மொத்தம் ₹2,000. கொரியர் இதுல சேராது.

- 6 x 4.5 கேமரா: 16 படம். ஒரு கிளிக் ₹125
- 6 x 6 கேமரா: 12 படம். ஒரு கிளிக் ₹167
- 6 x 7 கேமரா: 10 படம். ஒரு கிளிக் ₹200

ஒரு கிளிக்குக்கு ஒரு பிரியாணி! மாசம் ரெண்டு ரோல்னா வருஷத்துக்கு ₹48,000. நிறைய பேர் கேமரா விலையோட கணக்கை நிறுத்திடுறாங்க. ஆறு மாசத்துல ரோல் வாங்கக் காசில்லாம கேமரா ஷோகேஸ்ல உக்காந்துடுது.

டிஜிட்டலோட ஒப்பிட்டா?

இங்க ஒரு தப்பு நடக்கும். "ஏற்கனவே டிஜிட்டல் இருக்கு, ஃபிலிம் கேமரா அதைவிட மலிவு"ன்னு மனசு சொல்லும். ஆனா உங்க கையில இருக்கிற டிஜிட்டல் கேமராவுக்குக் கொடுத்த காசு கொடுத்ததுதான், திரும்பாது. இப்போதைக்கு ஃபிலிம் ஒரு கூடுதல் செலவு, அவ்வளவுதான். ஒப்பிடணும்னா, நீங்க அடுத்து பண்ண நினைக்கிற அப்கிரேடோட ஒப்பிடுங்க.

புது மிரர்லெஸ் ₹1,60,000ன்னு வெச்சுக்குவோம். 15% வட்டியில 24 மாச இஎம்ஐ போட்டா மாசம் சுமார் ₹7,760. வட்டி மட்டும் சுமார் ₹26,000. மூணு வருஷம் கழிச்சு பாதி விலைக்கு, ₹80,000க்கு, விக்கிறீங்க. நிகரச் செலவு ₹1,06,000.

பழைய 6 x 6 கேமரா ₹40,000. சர்வீஸ் ₹5,000. மூணு வருஷம் கழிச்சு ₹35,000க்கு விக்கிறீங்க. நிகரச் செலவு ₹10,000. வித்தியாசம் ₹96,000.

அந்த ₹96,000ல ₹2,000 வீதம் 48 ரோல் வரும். மூணு வருஷத்துக்கு 576 படம், மாசத்துக்கு 16. இதுதான் பிரேக்-ஈவன். இதுக்குக் கீழ எடுத்தா ஃபிலிம் லாபம், மேல எடுத்தா டிஜிட்டல் லாபம். அதுவும் அப்கிரேடை நிஜமாவே தள்ளிப்போட்டா மட்டும்தான். ரெண்டையும் வாங்கினா ரெண்டு செலவும் உங்க தலையிலதான்.

இன்னொரு விஷயம். கிரெடிட் கார்டு 'நோ காஸ்ட் இஎம்ஐ'ன்னு சொன்னாலும், பிராசஸிங் ஃபீஸும் வட்டிப் பகுதி மேல 18% ஜிஎஸ்டியும் பெரும்பாலும் ஸ்டேட்மென்ட்ல வரும். சின்ன எழுத்தைப் படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க.

"விலை ஏறிக்கிட்டே போகுது, இது இன்வெஸ்ட்மென்ட் ப்ரோ!"

இல்ல ப்ரோ. நல்ல மாடல் விலை ஏறலாம். ஆனா இது 40, 50 வயசு மெஷின். உதாரணத்துக்கு யாஷிகா மேட் 124ஜி, 1970ல வந்து 1986 வரைக்கும் தயாரான கேமரா. அதுக்கு அப்புறம் புதுசா ஒண்ணுகூட வரலை. ஸ்பேர் பார்ட் வேணும்னா இன்னொரு பழைய கேமராவைத்தான் பிரிக்கணும். ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவங்களும் குறைஞ்சுட்டே வர்றாங்க. ஷட்டர் ஒரு நாள் நின்னா, உங்க 'முதலீடு' பேப்பர் வெயிட். எஸ்ஐபியை நிறுத்திட்டு கேமரா வாங்குறதை இந்த ஒரு வாதத்தால நியாயப்படுத்தாதீங்க. பொழுதுபோக்குச் செலவுன்னு ஒத்துக்கிட்டு வாங்கினா தப்பே இல்ல.

வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு செக்

1. லென்ஸ் வழியா செல்ஃபோன் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. சென்னை ஈரக்காத்துல வருஷக்கணக்கா பூட்டி வெச்ச லென்ஸ்ல இது ரொம்ப சகஜம்.
2. ஷட்டரை ஒரு செகண்ட் வேகத்துல வெச்சு அமுக்குங்க. பாதியில நின்னாலோ இழுத்தாலோ சர்வீஸ் செலவை விலையில கழிக்கச் சொல்லுங்க.
3. பின்மூடி ஓரத்துல இருக்கிற ஃபோம் பிசுபிசுன்னு உதிர்ந்தா வெளிச்சம் உள்ளே புகும்.
4. லைட் மீட்டர் வேலை செய்யலைன்னா பயப்பட வேண்டாம். 124ஜி மாதிரி கேமராக்களோட மீட்டர் பழைய மெர்க்குரி பேட்டரிக்காகச் செஞ்சது. அது இப்போ தயாராகிறதில்லை. செல்ஃபோன் ஆப் போதும்.
5. வெளிநாட்டுல இருந்து வாங்கினா ஷிப்பிங், கஸ்டம்ஸ் டியூட்டி, ஐஜிஎஸ்டி மூணையும் கூட்டின விலைதான் உண்மையான விலை.

ரெண்டாவது செக்கைப் பண்ணாம நான் ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன். ஷட்டர் திறந்தபடியே நின்னுடுச்சு. ₹6,500 போச்சு. அது என் ட்யூஷன் ஃபீஸ்.

செலவைப் பாதியாக்க

உங்க டிஜிட்டல் கேமராவை விக்காதீங்க. அதுதான் உங்க லைட் மீட்டர், அதுதான் ஸ்கேனர். நெகட்டிவை ஒரு எல்இடி லைட் பேனல் மேல வெச்சு, மேக்ரோ லென்ஸ்ல படம் பிடிச்சு, கம்ப்யூட்டர்ல நிறத்தைத் திருப்பிட்டா ஸ்கேன் செலவு மிச்சம்.

கருப்பு-வெள்ளையில ஆரம்பிங்க. இருட்டான பாத்ரூம், ஒரு டெவலப்பிங் டேங்க், கெமிக்கல் இருந்தா வீட்டுலயே கழுவலாம். ரோல் ₹800, கெமிக்கல் ₹100ன்னு வெச்சா ஒரு கிளிக் ₹75. வாங்கின ரோலை ஃபிரிட்ஜ்ல வைங்க, வெயில்ல நிக்கிற கார்ல வைக்காதீங்க.

தனியா ஒரு அக்கவுண்ட்ல மாசம் ₹1,000 'ரோல் ஃபண்ட்' போடுங்க. அதுல இருக்கிற காசுக்கு மட்டும்தான் ரோல். எமர்ஜென்சி ஃபண்ட் ஆறு மாசச் செலவுக்கு இல்லையா? கிரெடிட் கார்டுல பாக்கி ஓடுதா? அப்போ கேமரா இப்போ வேண்டாம். பறவை மட்டும்தான் எடுப்பீங்கன்னாலும் வேண்டாம். பறக்கிற பூநாரைக்கு டிஜிட்டல்தான் சரி.

எல்லாத்துக்கும் முன்னாடி, ஊர்ல வீட்டுப் பரணைப் பாருங்க. தாத்தா, மாமா, சித்தப்பா யாராவது ஒரு டப்பா கேமரா வெச்சிருப்பாங்க. ₹40,000 செலவு பண்றதுக்கு முன்னாடி, ₹900ல இது உங்களுக்குப் பிடிக்குதான்னு தெரிஞ்சுடும்.

என் முதல் ரோல்

நான் அதைத்தான் பண்ணேன். கிளிக் 3ஐத் துடைச்சு, கருப்பு-வெள்ளை ரோல் ஒண்ணு போட்டேன். ஃபோகஸ் கிடையாது, வெயிலா, மேகமா, அவ்வளவுதான் செட்டிங். 12 படம் முடிய ஏழு வாரம் ஆச்சு. கழுவிப் பார்த்தா நாலு ஆடிப்போச்சு. ரோலைச் சுத்த மறந்து ஒரே ஃப்ரேம்ல ரெண்டு தடவை எடுத்திருந்தேன். சதுப்பு நிலத்தை எடுத்த மூணும் வெறும் சாம்பல் கோடு.

ஒரே ஒரு படம் சரியா வந்தது. பெரும்பாக்கம் வீட்டு பால்கனியில, காலை வெயில்ல, அப்பா பேப்பர் படிச்சுட்டு இருக்கார். எடுக்குறதுக்கு முன்னாடி நான் ரெண்டு நிமிஷம் யோசிச்சு நின்னேன். "என்னடா, இன்னும் அமுக்கலையா?"ன்னு நிமிர்ந்து பார்த்தார், அப்போ எடுத்தது. ₹900ல உருப்படியான படம் ஒண்ணுதான். பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன். ஹாசல்பிளாட் இன்னும் வாங்கலை. இந்த மாசம் ரோல் ஃபண்ட்ல ₹3,000 இருக்கு. அடுத்த ரோல் அம்மாவுக்கு.

நம்ம சேனல் வீடியோவுல இதே எக்செல் ஷீட்டை வெச்சு உங்க ஊர் விலையைப் போட்டுப் பார்க்குறது எப்படின்னு காட்டியிருக்கேன். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுப் பாருங்க.