கையறுநிலையும் ஒரு சொல்லிசைத் தொகுப்பும்

தம்மைப் புரந்த தலைவன் இறந்துபட, அவனைச் சார்ந்தோர் செயலற்று நின்று இரங்கிப் பாடுதலைக் கையறுநிலை என்பது நம் முன்னோர் வழக்கு. இத்துறையைப் பயிலுங்கால், சேலம் நாமக்கல் சமவெளியினராகிய எமக்குத் தனியானதோர் உரிமை தோன்றுவதுண்டு. 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த தருமபுரியே பண்டைத் தகடூர் என்பர். அத்தகடூர்த் தலைவனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி வீழ்ந்தபோது ஔவையார் இரங்கிப் பாடியவை புறநானூற்றில் உள்ளன. அவன் மார்பிற் பட்ட வேல், அவனை நம்பி வாழ்ந்த பாணர்க்கும் புலவர்க்கும் பட்டதாகவே அவர் கண்டார். இத்தகைய பாட்டு இக்காலத்தும் உண்டோ என எம் வகுப்பில் ஒரு வினா எழுந்தது. உண்டு என்பதே எம் விடை. ஆயின் அது பிறந்த இடம் நியூயார்க்கு. அதன் வடிவோ நம்மிற் பலர் வெற்றிரைச்சலென்று ஒதுக்கும் ஹிப் ஹாப்.

ஹிப் ஹாப்பின் இயல்பு

1973 ஆகஸ்டு 11இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நிகழ்ந்ததொரு விருந்தையே இக்கலையின் பிறப்பாகக் கூறுவர். ஆங்குக் கூல் ஹெர்க் என்பார் இரண்டு இசைத்தட்டுக்களை அடுத்தடுத்து இயக்கி, பாட்டினிடையே முழவோசை மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை நீளச் செய்தார். அவ்வோசைமேல் தாளத்துக்கியையச் சொற்களை அடுக்கியுரைப்பதே ராப். இதனைத் தமிழர் சொல்லிசை என வழங்குகின்றனர். நம் யாப்பில் எதுகையும் மோனையும் சிறந்து நிற்க, இதன்கண் அடியிறுதியில் ஒன்றிவரும் இயைபே சிறந்து நிற்கும். பழம்பாட்டின் ஒரு துண்டை எடுத்துப் புதுப்பாட்டின் அடித்தளமாக்குவதும் இதன் மரபு. மலேசியத் தமிழராகிய யோகி பி, நட்சத்திரா குழுவினருடன் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பில், 1980ஆம் ஆண்டின் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த பாட்டொன்றை எடுத்தாண்டமை நம்மவர் நன்கறிந்த சான்றாம்.

நண்பர் இருவர்

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியிலே சிறுபருவந்தொட்டு நண்பராயிருந்தவர் கியூ-டிப், பைஃப் டாக் என்னும் இருவர். அலி ஷகீத் முகம்மது, ஜரோபி ஒயிட் என்பாரொடு கூடி இவர்கள் அமைத்த குழுவே 'ஏ டிரைப் கால்டு குவெஸ்ட்'. 1990 முதல் 1998 வரை ஐந்து தொகுப்புக்களை வெளியிட்டு, ஜாஸ் இசையின் மென்மையைச் சொல்லிசையொடு கலந்து புகழெய்தினர். ஒருவர் தொடங்கிய அடியை மற்றவர் முடிப்பது இவர்தம் தனிச்சிறப்பு. பின்னர் மனத்தாங்கல் நேர்ந்தது. 1998இல் குழு கலைந்தது.

2015 நவம்பர் 13இல், முதற்றொகுப்பின் இருபத்தைந்தாம் ஆண்டை முன்னிட்டு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மீண்டும் ஒன்றாய்த் தோன்றினர். பாரிசு நகரில் கொடிய தாக்குதல்கள் நிகழ்ந்த நாளும் அதுவே. இனியும் பிரிந்திருத்தல் தகாதென்று அன்றிரவே உறுதிகொண்டு, நியூஜெர்சியில் கியூ-டிப்பின் இல்லத்திலிருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் பணியைத் தொடங்கினர். தொலைவிலிருந்து ஒலியை அனுப்புதலை ஏற்காது, நேரில் முகம் நோக்கியே பாடல்வேண்டும் என்பது கியூ-டிப்பின் கொள்கை. நெடுநாள் நீரிழிவால் நலிந்து, 2008இல் தம் மனைவியாரின் சிறுநீரகத்தைப் பெற்று உயிர்தாங்கிய பைஃப், அந்நிலையிலும் பயணஞ்செய்து வந்து பாடினார். வேலை முற்றுப்பெறுமுன், 2016 மார்ச்சு 22இல், நாற்பத்தைந்தாம் அகவையில் மறைந்தார்.

இறுதித் தொகுப்பு

எஞ்சிய நண்பர் அப்பணியைக் கைவிட்டிலர். 2016 நவம்பர் 11இல், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிந்த மூன்றாம் நாள், 'வீ காட் இட் ஃப்ரம் ஹியர், தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ்' என்னும் தொகுப்பு வெளிவந்தது. இதுவே குழுவின் இறுதித் தொகுப்பு. பதினாறு பாட்டுக்கள் கொண்ட அஃது அந்நாட்டு விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. கறுப்பரையும் ஏழையரையும் அயல்நாட்டினரையும் வெளியேறுக என்பாரை இடித்துரைக்கும் பாட்டு ஒன்று. மறைந்த நண்பருக்கு இரங்கும் பாட்டு மற்றொன்று. இறுதிப் பாட்டோ பைஃபின் பெயரையே கூவியழைக்கிறது.

ஈண்டு ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. ஔவையார் பாட்டில் அதியமான் பேசான். பாடுவோர் மட்டுமே பேசுவர். இத்தொகுப்பிலோ, யார்க்கு இரங்குகின்றனரோ அவரே தம் முறை வருங்கால் முன்னின்று பாடுகின்றார், நகையாடுகின்றார், நண்பர் விட்ட அடியை முடிக்கின்றார். அடுத்த பாட்டில் அவர் குரல் இல்லை. அவ்வின்மையைச் செவி உடனே உணர்கின்றது. மாறிமாறிப் பாடும் மரபே இங்குக் கையறுநிலையாகின்றது. வெளியீட்டுக்கு மறுநாள் தொலைக்காட்சி மேடையில், பைஃபின் முறை வந்தபோது எவரும் அவ்விடத்தை நிரப்பினாரல்லர். அவர் உருவம் தீட்டிய பெருந்திரை விரிய, பதிவு செய்த அவர் குரலே ஒலித்தது.

இரங்கலொடு இத்தொகுப்பு நின்றுவிடவில்லை. ஒரு பாட்டில் இளஞ்சொல்லிசைஞர் சிலரைப் பெயர்கூறி, இனி இக்கலையைக் காப்போர் நீவிரே என ஒப்படைக்கின்றனர் மூத்தோர். தலைப்பைத் தெரிந்தவர் பைஃபே. 'இனி யாம் பார்த்துக்கொள்வோம். நும் பணிக்கு நன்றி' என்பது அதன் பொருள். இதனைச் சொல்வோர் யார், கேட்போர் யார்? இளையோர் மூத்தோரை நோக்கிக் கூறினரெனினும் பொருந்தும்; இருப்போர் இறந்தோரை நோக்கிக் கூறினரெனினும் பொருந்தும். பைஃப் விளக்கிச் சொல்லவில்லை. நண்பர் ஓரெழுத்தும் மாற்றவில்லை.

முடிவுரை

இவ்விசையை இரைச்சலென்று இகழ்ந்தவருள் யாமும் இருந்தோம். விடுதியறையில் ஒருமுறை முழுதுங் கேட்டபின் எம்முள் ஒருவரும் நெடுநேரம் பேசவில்லை. மொழி வேறு, தாளம் வேறு. ஆயினும் தகடூரில் எழுந்த துயரும் குவீன்ஸில் எழுந்த துயரும் ஓரினத்தன எனத் தெளிந்தோம். தோழன் மறைந்தவழி அவன் தொடங்கியதை முடித்து, அவனுக்குரிய இடத்தை அவனுக்கே வைத்தல் நட்பின் கடன். ஆண்டுதோறும் மூத்த மாணவர் விடைபெற, அவர் விட்ட பணியை இளையோர் ஏற்கும் இக்கல்லூரியில் அக்கடனை யாவரும் அறிவோம். விடைபெறுவோர்க்கு யாம் கூற விழைவதும் அதுவே: இனி யாம் பார்த்துக்கொள்வோம், நும் பணிக்கு நன்றி.